மெக்சிக்கோ அக்கா கடை: மீனுக்குச் செவ்வாய், பாட்டுக்குச் சனி

தட்டில் காத்தோட்டிக்காய் கிடந்தது. சாப்பிட வைத்த கையை எடுத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆடி அமாவாசையன்று மட்டும் எங்கள் வீட்டில் சமைக்கிற காய் அது. அப்பா இறந்த வருடத்திலிருந்து, அந்த ஒரு நாளுக்காகச் சந்தையில் தேடி வாங்கி, கீறி, உப்பும் மஞ்சளும் பிரட்டிப் பொரித்து, படைத்த பிறகு கசப்போடு விழுங்குவேன். மற்ற நாட்களில் அதைக் கேட்பாரும் இல்லை, கொண்டுவருவாரும் இல்லை. அந்தக் காய் திருகோணமலை உப்புவெளிக் கடற்கரையில், மெக்சிக்கோக்காரி ஒருவர் சமைத்த விளைமீனின் மேல், தக்காளிக் குழம்புக்குள் சிறு சிறு துண்டுகளாகக் கிடந்தது.

எடுத்து வாயில் வைத்தேன். உப்புநீரில் பல நாள் ஊறியதால் புளிப்புத்தான் முன்னால் வந்தது. கசப்பு பின்னால் மெதுவாக வந்து மீனின் கொழுப்பை அறுத்துக்கொண்டு போனது. இத்தனை வருடம் இந்தக் காயை மருந்து மாதிரி விழுங்கியிருக்கிறேன். அது ருசிக்காகவும் சமைக்கத் தகுந்த காய் என்று அன்றைக்குத்தான் என் நாக்குக்குத் தெரிந்தது.

"இது எங்கே கிடைத்தது?" என்று கேட்டேன். சமையல்காரர் அடுப்படியிலிருந்து கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். "சந்தை ஆச்சி தந்தார்" என்றார், தமிழிலேயே. மீதிக் கதையை விடுதிக்காரரின் மகள் மொழிபெயர்த்தாள்.

இவருடைய ஊர் வெராக்ரூஸ். மெக்சிக்கோவின் கிழக்குக் கரையில் உள்ள துறைமுகம். 1519 இல் ஸ்பானியர் வந்து இறங்கிய கரை அது. எங்கள் ஊரைப் போலவே கடலைப் பார்த்தபடி ஒரு பழைய கோட்டையும் உண்டு. அந்த ஊரின் பேர்பெற்ற மீன்கறியில் தக்காளியும் மிளகாயும் அந்த மண்ணுக்கே உரியவை. ஒலிவ் காயும், கேப்பர் என்கிற சிறு மொட்டு ஊறுகாயும் ஸ்பானியரோடு கப்பலில் வந்தவை. திருகோணமலையில் இவை இரண்டும் பெரிய கடைகளில் போத்தலில் கிடைக்கும், ஆனால் விலை கையைச் சுடும். ஆகவே இவர் தன் கைத்தொலைபேசியில் கேப்பர் செடியின் படத்தைக் காட்டி, சந்தையில் ஒவ்வொரு மரக்கறி வியாபாரியிடமும் கேட்டிருக்கிறார். வெள்ளை இதழும் நீண்டு தொங்கும் மகரந்தத் தாள்களும் உள்ள பூவைப் பார்த்ததும் ஆச்சி ஒருவர் "இது காத்தோட்டியின் சாதி அல்லவா" என்றாராம். ஆச்சி சொன்னது முழுக்கச் சரி. தாவரவியலில் இரண்டும் கப்பாரிஸ் என்ற ஒரே பேரினம். புத்தகம் தொடாத ஒருவர் பூவைப் பார்த்தே இனம் கண்டிருக்கிறார்.

ஒலிவுக்குப் பதில் வெரலிக்காய். அது ஒலிவுக்கு எந்த வகையிலும் சொந்தமில்லை. ஆனால் பிஞ்சாகப் பறித்து உப்புநீரில் போட்டால் அந்தச் சதைப்பிடிப்பும் துவர்ப்பும் கிட்டத்தட்ட வந்துவிடுகின்றன.

நான் 31 வருடம் மனையியல் படிப்பித்து ஓய்வுபெற்றவள். இந்தப் பருவத்தில் ஏழு தடவை அங்கே போய், ஏழு தடவையும் பணம் கொடுத்துச் சாப்பிட்டேன். ஊரில் இந்தக் கடையைப் பற்றி இரண்டு விதமான பேச்சு இருக்கிறது. "ஒரு வெள்ளைக்காரி வந்து பாட்டும் கூத்துமாக இருக்கிறாள், சாப்பாடு பெயருக்குத்தான்" என்பது ஒன்று. "இந்த மாதிரி ஒரு சாப்பாடு கொழும்பிலும் இல்லை" என்பது மற்றது. இரண்டிலும் பாதி உண்மை இருக்கிறது. எந்தப் பாதி எந்த நாளுக்குப் பொருந்தும் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். அவர் வெள்ளைக்காரியும் அல்ல. எங்கள் நிறம்தான்.

நிலாவெளி பஸ்ஸில் ஏறி, போர்வீரர் மயானம் தாண்டிச் சற்றுத் தூரத்தில் இறங்கி, கடலை நோக்கிப் போகும் மணல் ஒழுங்கையில் நடந்தால் வரும். ஒரு குடும்ப விடுதியின் பின்பக்கச் சமையலறையும், தென்னைக்குக் கீழே எட்டு மேசையும்தான் கடை. பெயர்ப்பலகை கிடையாது. மெக்சிக்கோ அக்கா கடை என்று கேட்டால் முச்சக்கரவண்டிக்காரர்கள் கொண்டுபோய் விடுகிறார்கள். ஆடி மாதத்தில் கச்சான் காற்று அடிக்கும்போது தட்டில் மணல் விழுகிறது, வீட்டுப்பக்க மேசையாகப் பார்த்து உட்காருங்கள். நுளம்பு இருக்கிறது.

மூன்றாவது தடவை போனபோது, ரொட்டி எப்படிச் செய்கிறீர்கள் என்று கேட்டேன். "நாளை காலை வாருங்கள் டீச்சர், ஐந்து மணிக்கு" என்றார். போனேன்.

முதல் நாள் மாலையே இரண்டு கிலோ காய்ந்த சோளனைப் பெரிய பானையில் தண்ணீர் விட்டு அடுப்பேற்றி, அதில் இரண்டு கரண்டி சுண்ணாம்பு கரைத்திருக்கிறார். வெற்றிலைக் கடையில் வாங்கிய அதே சுண்ணாம்பு. கொதித்து இறக்கி மூடி வைத்தது இரவு முழுக்க ஊறிக் கிடந்தது. மூடியைத் திறந்ததும், புதிதாக வெள்ளையடித்த சுவரில் மழை பட்டால் எழும் வாசம் வந்தது. மணிகள் மஞ்சளிலிருந்து செம்மஞ்சளுக்குப் போயிருந்தன. அள்ளி இரண்டு கைக்கும் நடுவில் வைத்துத் தேய்த்தார். ஊறிய உளுந்தின் தோல் கழல்வதுபோல் மேல்தோல் வழுவழுப்பாகக் கழன்று வந்தது. தண்ணீர் தெளியும்வரை நான்கு தடவை கழுவினார்.

அரைத்தது அம்மியில். விடுதிக்காரரின் தாயாருடைய அம்மி, பல வருடம் கிணற்றடியில் கவிழ்ந்து கிடந்ததாம். அவர்கள் ஊர் அம்மியான மெத்தாத்தேக்கு மூன்று கால் உண்டு, தலைப்பக்கம் உயர்ந்து, அரைப்பவரை விட்டு வெளிப்பக்கமாகச் சரிந்திருக்கும். அதனால் இவர் எங்கள் அம்மியின் ஒரு பக்கத்துக்கு அடியில் சாக்கை நான்காக மடித்துச் சொருகியிருந்தார். முழங்காலில் இருந்து, உடம்பின் பாரத்தையெல்லாம் தோளால் தள்ளி அரைத்தார். கடைக்கு வேண்டிய மா முழுவதும் அம்மியில் அரைபடுவதில்லை, பெரும்பகுதி கிரைண்டரில்தான். ஆனால் தினமும் முதல் இரண்டு கை மா அம்மியில் அரைத்து, அதன் பதத்துக்குத்தான் கிரைண்டர் மாவைக் கொண்டுவருகிறார். ஒரு உருண்டையை விரலால் அமுக்கி, ஓரம் வெடித்தால் ஒரு தெளிப்புத் தண்ணீர்.

பிறகு இரண்டு பிளாஸ்டிக் தாளுக்கு நடுவில் வைத்து மரப்பலகையால் அழுத்தினார். அந்தப் பலகை அழுத்தியைச் செய்து கொடுத்தவர் வள்ளம் கட்டும் தச்சர். மண் ஓடு அடுப்பில் காய்ந்துகொண்டிருந்தது. மா ஒட்டாமல் இருக்க அதன் முகத்திலும் சுண்ணாம்புத் தண்ணீர்தான் பூசியிருந்தார். ரொட்டியைப் போட்டார், ஓரம் லேசாக எழுந்ததும் விரலால் திருப்பினார், கொஞ்சம் பொறுத்து மறுபடியும் திருப்பினார். இரண்டாவது திருப்பலுக்குப் பிறகு ஒரு மூச்சு விடும் நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அதற்குப் பிறகு ஆவி உள்ளே சிக்கி, ரொட்டி முழுவதும் எழுந்து நின்றது. அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். இடியப்பம் முதல் அவியலிலேயே பஞ்சாக வந்தால் என் தாயார் பார்க்கும் பார்வை அது.

உப்பில்லை, எண்ணெயில்லை. சோளன், தண்ணீர், சுண்ணாம்பு. வெறும் ரொட்டியைச் சுடச்சுடத் தின்றேன். அரிசிமாவுக்கும் கோதுமைமாவுக்கும் இல்லாத ஒரு ஆழம் அதில் இருந்தது.

சோளனில் நயசின் என்ற விற்றமின் இருக்கிறது. ஆனால் மனித உடம்பு எடுத்துக்கொள்ள முடியாதபடி அது கட்டுண்டு இருக்கும். சுண்ணாம்பு அந்தக் கட்டை அவிழ்க்கிறது. மெக்சிக்கோப் பக்கத்துப் பெண்கள் இதை 3,000 வருடங்களுக்கு மேலாகச் செய்துவருகிறார்கள். நிக்ஸ்தமால் என்று பெயர், அவர்களுடைய பழைய நாவாத்தல் மொழியில் சாம்பல், மாவு என்ற இரண்டு சொல் சேர்ந்தது. ஐரோப்பியர் சோளனை மட்டும் எடுத்துப் போனார்கள், சுண்ணாம்பை விட்டுவிட்டார்கள். 18 ஆம் நூற்றாண்டில் ஸ்பெயினிலும் இத்தாலியிலும், 20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களிலும், சோளனையே நம்பியிருந்த ஏழைகளுக்குத் தோல் உரிந்து, வயிறு கெட்டு, புத்தி பேதலித்தது. பெலக்ரா என்பது அந்த நோயின் பெயர். "நயசின் குறைபாட்டால் ஏற்படும் நோய் யாது?" என்று எத்தனை வகுப்புக்குக் கேள்வி கொடுத்திருப்பேன்! பிள்ளைகளும் பெலக்ரா என்று எழுதி ஒரு புள்ளி வாங்கினார்கள். அதற்கான மருந்து எங்கள் வீடுகளிலேயே வெற்றிலைத் தட்டத்தில் இருந்தது என்று அவர்களிடம் நான் ஒரு நாளும் சொன்னதில்லை, எனக்கே தெரியாது. அன்று காலை அந்தப் பானைக்கு முன்னால் நின்றபோது, பழைய மாணவிகளை எல்லாம் ஒரு தடவை திரும்பக் கூப்பிட்டு உட்காரவைக்க வேண்டும் போலிருந்தது.

இந்த ஊருக்கு இவர் எப்படி வந்தார்? கறுவாதான் கூட்டிவந்தது. இலங்கைக் கறுவாவை அதிகம் வாங்குகிற நாடு மெக்சிக்கோ. இவருடைய பாட்டி கோப்பியில் போடுவதும் பாற்சோற்றில் போடுவதும் அதுதான். தகர டப்பாவில் சிலோன் என்ற சொல்லைச் சின்ன வயதிலிருந்து பார்த்து வளர்ந்திருக்கிறார். கடையில் மண்பானைக் கோப்பி கேளுங்கள். அவர்கள் ஊர் வெல்லத்துக்குப் பதில் எங்கள் பனங்கட்டி, அதோடு கறுவாப்பட்டை. பட்டையை விரலால் நொறுக்கித்தான் போடுகிறார். தாள் தாளாகச் சுருண்ட எங்கள் கறுவா அப்படி நொறுங்கும், கட்டையாக வரும் மற்ற நாட்டுப் பட்டை நொறுங்காது. 400 ரூபாய். நான் ஒவ்வொரு தடவையும் இரண்டு குடித்தேன்.

இனி, ஊர் பேசுகிற பாட்டும் கூத்தும்.

அவர் காலை ஆறு மணிக்குக் கரைவலையில் நிற்கிறார். வேடிக்கை பார்க்க அல்ல, கயிறு பிடிக்க. மடி கரையேறும்வரை இழுத்துவிட்டு, இழுத்தவர்களுக்கு உரிய பங்கைத்தான் வாங்குகிறார். அதற்கு மேல் வேண்டியதைச் சம்மாட்டியாரிடம் காசுக்கு எடுக்கிறார். கயிறு இழுப்பவர்கள் பாடும் அம்பாப் பாட்டில் நான்கு அடி அவருக்கு இப்போது மனப்பாடம். அங்கிருந்து சைக்கிளில் சந்தை. சந்தையில் அவரோடு ஒரு நாள் நடந்தேன். இருபது அடி போக அரை மணி நேரம் எடுத்தது. தேசிக்காய் விற்பவரின் மகளுக்குப் பரீட்சை, அதை விசாரிக்கவேண்டும். கிண்ணியாவிலிருந்து பால் கொண்டுவரும் நானாவின் பசு கன்று போட்டிருக்கிறது, அதையும் விசாரிக்கவேண்டும். கொச்சிக்காய் வாங்கும் இடத்தில் ஒரு காயை ஒடித்து மூக்கில் வைத்துப் பார்க்கிறார், நக்கிப் பார்க்கிறார், அந்த அம்மா சிரிக்கிறார். பழுத்த கொச்சிக்காயைத் தென்னம்பொச்சுப் புகையில் இரண்டு நாள் உலர்த்தி, அவர்கள் ஊர்ப் புகைமிளகாயான சிப்போத்லேயின் வாசத்துக்குக் கொண்டுவருகிறார். மாசிக்கருவாட்டுக்குப் புகை போடுவதைப் பார்த்து வந்த யோசனை அது.

பகலில் இரண்டு மணி நேரம் அச்சுப்பலகை செதுக்குகிறார். மெக்சிக்கோவில் அச்சுப்படக் கலைக்குப் பெரிய மரபு உண்டு. 1913 இல் இறந்த ஹோசே குவாதலூப்பே பொசாதா, சீமாட்டிகளையும் ஊர்வம்பையும் எலும்புக்கூடுகளாக அச்சிட்டுப் பேர் எடுத்தவர். அந்த வழியில் இவரும் ஒட்டுப்பலகையில் செதுக்கி, மை உருட்டி, கிழமைக்கு ஒரு உணவுப்பட்டியல் அச்சடிக்கிறார். மேலே படம், கீழே விலை, தமிழ் எழுத்தையும் தானே தலைகீழாகச் செதுக்கியிருக்கிறார். ஒருமுறை "ழ" கண்ணாடியில் பார்ப்பதுபோல் வந்துவிட்டது. அக்கம்பக்கத்துச் சிறுமிகள் ஐந்தாறு பேர் பாடசாலை விட்டதும் வந்து உட்கார்ந்து செதுக்குகிறார்கள்.

ஒரு கிழமை பட்டியலில் எலும்புக்கூடுகள் கரைவலை இழுத்தன. சேலை கட்டிய எலும்புக்கூடு ஒன்று கூடையோடு நின்றது. எனக்கு நெஞ்சு கனத்தது. 2004 மார்கழியில் இந்த மணலில் யார் யாரை வரிசையாகக் கிடத்தினார்கள் என்று எனக்குத் தெரியும். "இந்தக் கரையில் இதைத் தொங்கவிட வேண்டாம், பிள்ளை" என்று நேரே சொன்னேன். அவர் எதுவும் எதிர்த்துப் பேசவில்லை. அவர்கள் ஊரில் நவம்பர் தொடக்கத்தில் இறந்தவர்களுக்குச் செண்டுப்பூவும் சோறும் படைத்து, எலும்புக்கூட்டைச் சிரித்த முகத்தோடு வரைவது வழக்கம். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் அன்புதான் இருக்கிறது என்று மட்டும் சொன்னார். மறுநாள் படம் கடலைப் பார்த்த சுவரில் இல்லை, சமையலறைக்குள் போயிருந்தது. சில நாள் கழித்து, அந்தக் கடலில் தம்பியைக் கொடுத்த மீனவர் ஒருவர் அந்தப் படத்தில் ஒரு பிரதி கேட்டு வாங்கிக்கொண்டு போனார். நான் சொன்னதும் சரி, அவர் கேட்டதும் சரி.

சுற்றிவரத் தொங்கும் வண்ணத் தாள் தோரணங்களையும் பாருங்கள். பல தாளை ஒன்றாக அடுக்கி உளியால் வெட்டும் வேலை அது, புவெப்லா மாநிலத்தில் ஊரோடு அதைத் தொழிலாகச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். எங்கள் கோயில் சப்பறத்துக்குத் தாள் ஒட்டும் ஐயா ஒருவர் வந்து பார்த்து, தான் மடித்துக் கத்தரிக்கும் முறையை அவருக்குக் காட்ட, இப்போது தோரணத்தில் பாதி மாம்பிஞ்சும் தாமரையும்.

சனிக்கிழமை இரவு பந்தாங்கோ. வெராக்ரூஸ் வழக்கப்படி ஒரு மரமேடை, அதன் மேல் குதிக்காலால் தட்டி ஆடுவார்கள், அந்தத் தட்டே தாளம். மேடையை உடைந்த வள்ளத்தின் பலகையில் அதே தச்சர் அடித்துக் கொடுத்தார். இவர் கையில் ஹரானா, எட்டு நரம்புள்ள சின்ன கிற்றார். பாலையூற்றிலிருந்து பறங்கிக் குடும்பம் ஒன்று வயலினும் கையுமாக வருகிறது. அவர்களுடைய ஆட்டப்பாட்டான கப்ரிஞ்ஞாவும் இவருடைய ஊர்ப்பாட்டும் ஆறு ஆறாக எண்ணுகிற தாளம். ஒத்திகை இல்லாமலே சேர்ந்துகொள்கின்றன. ஆபிரிக்காவிலிருந்து பிடித்துக் கொண்டுபோகப்பட்டவர்களின் காலடி இரண்டிலும் இருக்கிறது. நடுவில் யாரோ கடற்கரைப் பையன் அம்பாவை எடுத்தால் ஹரானா அதற்கும் பின்னால் போகிறது. நான் கைதட்டிக்கொண்டு பதினொரு மணிவரை இருந்தேன்.

ஆனால் சாப்பாடு? அந்தச் சனிக்கிழமை மீன் தட்டு கேட்டு ஒரு மணி இருபது நிமிடம் காத்திருந்தேன். வந்த விளைமீன் வறண்டு, முள்ளிலிருந்து சதை பஞ்சுபஞ்சாகப் பிய்ந்தது. ரொட்டி காலையில் சுட்டதைப் பெட்டியிலிருந்து எடுத்துச் சூடாக்கியது, மடித்தால் ஒடிந்தது. விலை மட்டும் அதே 2,800 ரூபாய். பக்கத்து மேசையில் கைக்குழந்தையோடு வந்த குடும்பம் சாப்பிடாமலே எழுந்து போனது. ஊரில் "பெயருக்குத்தான் சாப்பாடு" என்று சொல்கிறவர்கள் எல்லோரும் சனிக்கிழமை போனவர்கள் என்று அப்போது விளங்கியது.

மறுநாள் போய்ச் சொன்னேன். "சனிக்கிழமை நான் சமையல்காரி இல்லை, டீச்சர்" என்றார், கையைப் பிடித்துக்கொண்டு. "அப்படியென்றால் பட்டியலில் சமையல் எழுதக்கூடாது" என்றேன். அவருடைய கரைவலையும் சந்தையும் அச்சுப்பலகையும் தட்டுக்குள் வருகின்றன என்பதை நான் ஒப்புக்கொள்கிறேன். கரைக்குப் போகாவிட்டால் அந்த மீன் இல்லை, ஆச்சியோடு பேசாவிட்டால் காத்தோட்டி இல்லை. ஆனால் பசியோடு ஒருவர் வந்து உட்கார்ந்துவிட்டால் அடுப்பில் ஒரு கை நின்றே ஆகவேண்டும். இதில் நான் இறங்கிவர மாட்டேன்.

இரண்டு கிழமை கழித்துப் பார்த்தால், சனிக்கிழமைப் பட்டியலில் ஒரே ஒரு வரி: வாழையிலைத் தமாலே. சோளன் மாவுக்குள் கோழிக்கறி வைத்து, இலையில் பொதிந்து அவிப்பது. பகலிலேயே பொதிந்து வைத்துவிட்டால் இரவில் ஆவியிலிருந்து எடுத்துக் கொடுப்பது மட்டும்தான் வேலை. இலையைப் பிரித்ததும் எங்கள் பொதிச்சோற்று வாசம். இரண்டு 900 ரூபாய். காத்திருக்கவே வேண்டாம்.

வெள்ளிக்கிழமை மரக்கறி மட்டும் சாப்பிடுபவர்கள் பயப்படாமல் போகலாம். முன்பு மீன் புரண்ட ஓட்டிலேயே எல்லா ரொட்டியும் சுட்டார்கள். அதையும் நான்தான் போய்ச் சொன்னேன். இப்போது மரக்கறிக்குத் தனி ஓடு, விளிம்பில் வெள்ளைச் சுண்ணாம்புக் கோடு போட்டது. பூசணிப்பூவும், நானாவின் பாலைத் தேசிக்காயால் திரித்த வெண்கட்டியும் வைத்து மடித்த ரொட்டி அருமை. கௌபி மசியல் இன்னும் கொஞ்சம் உப்புக் கேட்கும்.

வியாழக்கிழமை மோலே இன்னும் கூடிவரவில்லை. செத்தல் மிளகாய், எள், கச்சான், கொக்கோ, கறுவா, கருகச் சுட்ட ரொட்டி என்று இருபதுக்கு மேல் சாமான் அரைத்துச் செய்கிற குழம்பு. அவர்கள் ஊர் உலர்மிளகாய் பழம்போல் இனிக்குமாம். எங்கள் செத்தல் விதை எடுத்தாலும் உறைக்கிறது. உறைப்பு முன்னால் வந்து மற்ற எல்லாவற்றையும் மறைத்துவிடுகிறது. அவரும் ஒத்துக்கொள்கிறார், ஒவ்வொரு கிழமையும் மாற்றிப் பார்க்கிறார். தேசிக்காய்ப் புளியில் ஊறிய பச்சைமீன் செவிச்சே நன்றாக இருக்கிறது. ஆனால் புளி மீனை வெளுக்க வைக்குமே தவிரக் கிருமியை முழுதாகக் கொல்லாது. கர்ப்பிணிகளும் சிறு பிள்ளைகளும் தொடவேண்டாம். குடிக்கப் புளித்தண்ணீர் 250 ரூபாய், வெயிலுக்கு அதைவிட வேறு வேண்டாம்.

செவ்வாய்க்கிழமை அவர் வேறு எதற்கும் போவதில்லை. கரைவலை முடிந்தால் நேரே அடுப்படிதான். ஏழு தடவையில் நான் சாப்பிட்ட மிக நல்ல மூன்று சாப்பாடும் செவ்வாய்க்கிழமையில்தான். புரட்டாதி கடைசிவரை கடை இருக்கும். மழை தொடங்குமுன் ஊருக்குப் போய்விடுவார், இறந்தவர்களின் நாளுக்குப் பாட்டியின் படத்துக்கு முன்னால் இருக்கவேண்டுமாம். கறுவா ஒரு கட்டும், உப்புநீரில் போட்ட காத்தோட்டிக்காய் ஒரு போத்தலும் கொண்டுபோக எடுத்து வைத்திருக்கிறார்.

மீன் தட்டு வேண்டுபவர்கள் மாலை ஐந்து மணிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். ஏழெட்டு விளைமீனுக்கு மேல் எடுக்க மாட்டார். தட்டு வந்ததும், குழம்பின் ஓரத்தில் பச்சையாக ஒரு துண்டு கிடக்கும், அதை ஒதுக்கி வைக்காதீர்கள்.